உலக்கைக்குப் பூண், பல்லுக்குக் கேப்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேப் பற்றியவை. போன இதழில் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) பற்றி எழுதியதன் வினை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், சிலருக்கு அடுத்த மாதம்தான் பதில். நடுவில் ஒரு தமிழாசிரியர், "பல் உறை என்று எழுதக் கூடாதா, கேப் என்றுதான் எழுத வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். எழுதலாம் ஐயா. ஆனால் பாளையங்கோட்டையில் நான் கிளினிக் திறந்த இந்த 28 வருஷத்தில் பல் உறை வேண்டும் என்று கேட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. கேப் என்றே போவோம்.

களக்காடு வாசகர்: எனக்கு வயது 52, வாழை விவசாயம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் போன கார்த்திகையில் வேர் சிகிச்சை செய்தேன். கேப் போட வேண்டும் என்றார்கள். வலிதான் போய்விட்டதே, தார் வெட்டி முடியட்டும் என்று விட்டுவிட்டேன். சித்திரைக் கொடைக்குப் போன இடத்தில் முறுக்கைக் கடித்தேன், பல் பாதி கையோடு வந்துவிட்டது. ஒரு டாக்டர் பிடுங்கத்தான் வேண்டும் என்கிறார். இன்னொருவர் வேருக்குள் கம்பி வைத்து செராமிக் கேப் போட்டுத் தருகிறேன் என்கிறார். யாரை நம்ப?

அண்ணாச்சி, இரண்டு பேருமே உண்மை சொல்பவர்களாக இருக்கலாம். அதற்கு முன்னால் பல் ஏன் உடைந்தது என்று பார்த்துவிடுவோம்.

வேர் சிகிச்சை செய்த பல் காய்ந்து சுள்ளி மாதிரி ஆகிவிடும், அதனால்தான் உடைகிறது என்று ஊரில் சொல்வார்கள். சில டாக்டர்களும் சொல்வார்கள். உண்மையில் பல் காய்ந்துபோவது பெரிய காரணம் இல்லை. பல்லில் பாதியைச் சொத்தை தின்றிருக்கும். மிச்சத்தில் நாங்கள் வேர்க்குழிகளைத் தேடி நடு உச்சியில் ஓட்டை போட்டிருப்போம். கூரையைப் பிரித்து எடுத்த வீடு மாதிரி நாலு சுவர் மட்டும் நிற்கும். கடைவாயில் ஒவ்வொரு தடவை மெல்லும்போதும் அந்தச் சுவர்கள் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கும். என்றைக்கோ ஒரு நாள் ஒரு சுவர் விழும். முறுக்கு மேல் பழி போடாதீர்கள், அது இட்லிக்கும் விழுந்திருக்கும். வலி இல்லாததற்குக் காரணம் பல் குணமானது அல்ல. வலியைச் சொல்லும் நரம்பை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

வேர் சிகிச்சை செய்துவிட்டுக் கேப் போடாத பற்கள், போட்ட பற்களைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறிபோயின என்று 2002இல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கேப் போடாதவர்கள் மற்ற கவனிப்பிலும் கொஞ்சம் சுணக்கமாக இருந்திருக்கலாம், அதனால் அந்த ஆறை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கடைவாய்ப் பல் என்றால் சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குள் கேப் போட்டுவிடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

இப்போது உங்கள் கேள்வி. பிடுங்குவதா, கேப்பா? எங்கள் ஆச்சி வீட்டில் இரண்டு உலக்கை இருந்தது. அடியில் இரும்புப் பூண். ஒரு தடவை பூண் கழன்று ஓடிவிட்டது என்று ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் பூணைக் கையில்கூட எடுக்கவில்லை. உலக்கையின் நுனியை நகத்தால் குத்திப் பார்த்தார். மரம் உளுத்திருந்தது. "பூண் நல்லாத்தான் ஆச்சி இருக்கு, பிடிக்கதுக்கு மரம் வேணும்லா" என்று சொல்லிவிட்டு, உளுத்த பகுதியை வெட்டித் தள்ளி, வைரம் பாய்ந்த இடம் வந்த பிறகுதான் பூணை இறுக்கினார்.

கேப்பும் பூண்தான். அது பல்லைச் சுற்றி இறுகப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொந்தப் பல், சொத்தை இல்லாத பல், சிமெண்ட் அடைப்பு இல்லாத பல் வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தால் சமாளிக்கலாம். எல்லாப் பக்கமும் ஈறு மட்டத்தோடு முடிந்துவிட்டதென்றால் எந்த ஊர் செராமிக்கும் நிற்காது.

கம்பி விஷயத்திலும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. கம்பி வைத்தால் பல் பலமாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. மேலே நாங்கள் கட்டியெழுப்பும் அடைப்பு கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது ஒன்றுதான் அதன் வேலை. அதை நுழைக்க வேருக்குள் இடம் குடைய வேண்டியிருப்பதால் வேர் கொஞ்சம் மெலியத்தான் செய்யும். மேலே பல் மிச்சம் இருந்தால் கம்பி உதவும். ஒன்றுமே இல்லாத இடத்தில் கம்பியை நம்பிக் கேப் போட்டால், விழும்போது வேரையும் பிளந்துகொண்டு விழும்.

இது எனக்குப் புத்தகம் சொன்ன பாடம் இல்லை. கிளினிக் திறந்த இரண்டாவது வருஷம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கீழே சின்னக் கடைவாய்ப் பல் ஈறோடு உடைந்து வந்தார். "பிடுங்க வேண்டாம்மா, உன் கையால ஒரு கேப் போட்டுரு" என்றார். மறுத்துப் பேச எனக்கு வயசும் இல்லை, தைரியமும் இல்லை. கம்பி வைத்தேன், பீங்கான் கேப் போட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். ஏழாவது மாசம் மறுபடி வந்தார். சட்டைப் பையிலிருந்து, கோயிலில் திருநீறு மடித்துத் தருவார்களே அந்த மாதிரி ஒரு காகித மடிப்பை எடுத்து மேசை மேல் பிரித்தார். உள்ளே கேப். அதைத் திருப்பினால் அடியில் உடைந்த அடைப்பு, அதிலிருந்து நீட்டிக்கொண்டு கம்பி, கம்பியோடு ஒட்டி வேரின் ஒரு சீவல். கேப்பில் ஒரு கீறல்கூட இல்லை. பல்தான் இல்லை. அவர் கோபப்படவில்லை. "பூண் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொல்லவில்லை, எனக்குத்தான் அப்படிக் கேட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அந்தக் கேப் இன்றைக்கும் என் மேசை டிராயரில் இருக்கிறது. உங்களைப் போல யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவேன்.

ஆகையால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கேப் போடலாம் என்று சொன்ன டாக்டரிடம் போய், பழைய அடைப்பையும் சொத்தையையும் முழுதாக எடுத்துவிட்டு, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து மிச்சத்தைக் காட்டச் சொல்லுங்கள். போட்டோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அதன் பிறகு முடிவு செய்யுங்கள், அதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். உடைசல் ஈறுக்குச் சற்றே கீழே போயிருந்தால், ஈறையும் ஓரத்து எலும்பையும் கொஞ்சம் இறக்கி மரத்தை வெளியே கொண்டுவர ஒரு சின்ன அறுவை உண்டு. கடைவாய்ப் பல்லில் அதற்கும் எல்லை இருக்கிறது, வேர் இரண்டாகப் பிரியும் இடம் வரைக்கும் இறக்க முடியாது. வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தால் பேச்சே இல்லை, பிடுங்கச் சொன்னவர் சொன்னதே சரி.

தென்காசி வாசகர்: அடிப் பல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கேப்பில் உலோகம், பீங்கான், ஜிர்கோனியா என்று மூன்று சொல்கிறார்கள். விலையோ மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. ஜிர்கோனியாவுக்குப் பத்து வருஷ வாரண்டி கார்டு தருகிறார்களாம். கண்ணை மூடிக்கொண்டு அதையே போட்டுவிடலாமா?

கண்ணை மூட வேண்டாம். முதலில் அது என்ன என்று பாருங்கள்.

பீங்கானில் பல் செய்கிற கதை பழசு. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துப் பல் டாக்டர் சார்லஸ் லேண்ட், 1880களின் கடைசியிலேயே பீங்கான் கேப் செய்துவிட்டார். (1927இல் தனியாக அட்லாண்டிக் கடலை விமானத்தில் தாண்டினாரே லிண்ட்பெர்க், அவருடைய தாத்தா இவர்.) பார்க்க அழகு, கடித்தால் விரிசல். அதனால் 1960களில் உள்ளே உலோகக் கிண்ணம், வெளியே பீங்கான் பூச்சு என்ற முறை வந்தது. இன்றைக்கும் நம் பக்கம் "செராமிக் கேப்" என்று குறைந்த விலையில் போடுவது பெரும்பாலும் இதுதான். கெட்டிக்காரக் கேப். ஆனால் மேல் பீங்கான் எப்போதாவது சில்லு பெயர்ந்து உள்ளே கறுப்பு தெரியும்.

ஜிர்கோனியாவில் உலோகக் கிண்ணம் கிடையாது. வண்ணார்பேட்டையில் நான் வேலை கொடுக்கும் லேபுக்கு ஒரு நாள் போயிருந்தேன். ஜிர்கோனியா வட்டமாக, தடித்த தோசைக்கல் அளவுக்கு, வெள்ளை வெளேரென்று இருந்தது. விரலால் தொட்டால் சாக்பீஸ் மாதிரி மாவு ஒட்டுகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த பல்லை மெஷின் அதிலிருந்து குடைந்து எடுக்கிறது. எடுத்ததைப் பார்த்து எனக்கே திக்கென்றது. யானைப் பல் மாதிரி பெரிசாக இருந்தது. டெக்னீசியன் தம்பி சிரித்தார். "வேகட்டும் டாக்டர்." ஏறக்குறைய 1500 டிகிரி சூட்டில் சூளையில் வேகும்போது அது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் போட்டுத்தான் பெரிசாகவே குடைகிறார்கள். மறுநாள் காலையில் என் கையில் கொடுத்தபோது சரியான அளவில், கீழே போட்டால் கூழாங்கல் மாதிரி டக்கென்று சத்தம் போட்டது. பழைய பீங்கானைப் போலப் பத்து மடங்கு வலுவு என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் முன்பல்லுக்கென்று கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் ஜிர்கோனியா ஒன்று வருகிறது, அதற்கு இந்த வலுவு கிடையாது. பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரண்டி கார்டு விஷயத்துக்கு வருகிறேன். அதைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலான கார்டுகளில் கேப் உடைந்தால் லேப் வேறு கேப் செய்து தரும் என்றுதான் இருக்கும். அடியில் பல் சொத்தையானால், ஈறு இறங்கினால், வேர் பிளந்தால் கார்டு வாயைத் திறக்காது. நான் பார்த்த வரையில் ஜிர்கோனியா கேப் உடைந்து வந்தவர்களைவிட, உடையாத கேப்புக்கு அடியில் பல் அழுகி வந்தவர்கள்தான் அதிகம். கார்டினால் ஒரே ஒரு பிரயோஜனம், போட்டது உண்மையில் அந்தச் சரக்குதானா என்று நம்பரை வைத்து சரிபார்க்கலாம்.

என்னைக் கேட்டால், வாயின் கடைசிப் பல், குட்டையான பல், சிரித்தாலும் தெரியாத பல் என்றால் முழு உலோகக் கேப்பே போதும். அதற்குப் பல்லை மேலே 1 மில்லிமீட்டர் ராவினால் போதும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதற்கு அதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ராவ வேண்டியிருக்கும். குட்டைப் பல்லில் அந்த அரை மில்லிமீட்டர் தங்கம். இதைச் சொன்னால் "டாக்டரம்மா பழைய காலத்து ஆள்" என்கிறார்கள். சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

இன்னொன்று. கேப்பை ஒட்டுகிற அன்று, கடித்துப் பார்க்க நீலக் காகிதம் வைப்பார்கள். உயரமாக இருக்கும் இடத்தை அங்கேயே ராவுவார்கள். ராவிய இடத்தை ரப்பர் சக்கரத்தால் பளபளவென்று தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பளபளப்பான ஜிர்கோனியா எதிர்ப் பல்லை அதிகம் தேய்க்காது. சொரசொரப்பாக விட்டால் அரம் மாதிரி அறுத்துவிடும். கூட்டம் அதிகமான நாளில் இந்த வேலைதான் முதலில் விட்டுப்போகும்.

மேலப்பாளையம் வாசகி: கவரிங் கம்மல் போட்டாலே எனக்குக் காது புண்ணாகிவிடும். கடிகாரப் பட்டை பட்ட இடமும் அரிக்கும். பல்லுக்கு உலோகக் கேப் போடலாமா?

இந்தக் கேள்வியை நீங்களே கேட்டது நல்லதாகப் போயிற்று தங்கச்சி, எங்களில் பலர் கேட்க மறந்துவிடுவோம். கவரிங் நகையில் அரிக்க வைப்பது பெரும்பாலும் நிக்கல். விலை குறைந்த கேப்புகளின் உலோகமும், பீங்கான் கேப்பின் உள்கிண்ணமும் அநேகமாக நிக்கல்-குரோமியம் கலவை, அதில் பாதிக்கு மேல் நிக்கல். காது புண்ணாகும் எல்லோருக்கும் வாயும் புண்ணாகும் என்று இல்லை, ஆனால் வம்பை விலைக்கு வாங்குவானேன்? உங்களுக்கு ஜிர்கோனியா, அல்லது லித்தியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடிச் செராமிக். "ஜிர்கோனியாவும் உலோகம்தானே" என்று யாராவது பயமுறுத்தினால், ஜிர்கோனியம்தான் உலோகம், ஜிர்கோனியா அதன் ஆக்சைடு, பீங்கான் சாதி என்று சொல்லுங்கள்.

வள்ளியூரைச் சேர்ந்த, இப்போது சென்னையில் வேலை பார்க்கும் வாசகர்: ஒரே நாளில் கேப் என்று போட்டிருந்தார்கள், போனேன். என் கண் முன்னாலேயே மெஷினிலிருந்து பல்லை எடுத்தார்கள். அது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது! பயந்துபோய்க் கேட்டதற்குச் சிரித்தார்கள். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லையே?

இல்லை தம்பி. நீங்கள் பார்த்ததுதான் மேலே சொன்ன லித்தியம் டைசிலிக்கேட். குடைவதற்கு வசதியாக அதைப் பாதி வெந்த நிலையில் கட்டியாக விற்கிறார்கள், அந்த நிலையில் அதன் நிறம் நீலமும் ஊதாவும் கலந்தது. 850 டிகிரி பக்கத்தில் சூளையில் வைத்து எடுத்தால் உள்ளே படிகம் விளைந்து பல் நிறம் வந்துவிடும், வலுவும் இரண்டு மூன்று மடங்காகும். வாய்க்குள் கேமராவால் படம் பிடித்து அங்கேயே குடைகிற இந்த வித்தை 1985இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. ஒரே நாள், ஒரு வாரம் என்பதெல்லாம் உங்கள் லீவு சம்பந்தப்பட்டது, கேப்பின் தரம் அதில் இல்லை.

பாளையங்கோட்டை வாசகி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சின்ன வயதில் விழுந்து அடிபட்ட மேல் முன்பல் கறுத்திருக்கிறது. வேர் சிகிச்சை ஆகிவிட்டது. அந்த ஒரு பல்லுக்குச் செராமிக் கேப் போடச் சொல்கிறார்கள். போட்டோவில் தெரியாத மாதிரி அமையுமா?

அமையும், அவசரப்படாமல் இருந்தால். பத்துப் பல்லை வெள்ளையாக்கிவிடலாம். ஒற்றை முன்பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர வைப்பதுதான் எங்கள் தொழிலிலேயே கஷ்டமான வேலை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

நிறம் பார்க்கிற அன்று மகளை லிப்ஸ்டிக் இல்லாமல், மதியத்துக்கு முன்னால் கூட்டிப் போங்கள். நாற்காலியில் உட்கார்ந்த உடனேயே, வாயைத் திறந்து வேலை தொடங்கும் முன்பே நிறம் பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் வாய் திறந்திருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகக் காட்டும். அதை நம்பிக் கேப் செய்தால் மறுநாள் அந்த ஒரு பல் மட்டும் வெள்ளைக்காரன் மாதிரி நிற்கும். நான் ஜன்னல் பக்கம் நிறுத்தி, 16 பல் கோத்த நிற அட்டையை உதட்டோரம் பிடித்துப் பார்ப்பேன். ஒரு தடவை ஒரு பெண்ணோடு தாய்மாமன் வந்திருந்தார். அட்டையில் ஆக வெளுத்ததைத் தொட்டு, "இதைப் போடுங்க, காசு நான் தாறேன்" என்றார். அந்தப் பெண், "மாமா, மத்த பல்லுக்கும் சேத்துத் தருவீங்களா?" என்றாள். அதோடு அவர் வெளியே போய்ப் பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார்.

மற்றப் பற்களையும் வெளுக்க வைக்கும் யோசனை இருந்தால் அதை முதலில் செய்துவிட்டு, இரண்டு வாரம் விட்டு நிறம் பாருங்கள். கேப்பைப் பிறகு வெளுக்க வைக்க முடியாது. கறுத்த அடிப்பல் கண்ணாடிச் செராமிக் வழியாக மங்கலாகத் தெரியும். அதனால் உள்ளே மருந்து வைத்துப் பல்லையே கொஞ்சம் வெளுக்க வைக்கலாம், இல்லையென்றால் ஒளி அதிகம் விடாத அடித்தளம் போடச் சொல்லலாம். பல் முழுதாக இருந்து, நிறம் மட்டும்தான் குறை என்றால், உள்மருந்தோடு விஷயம் முடிந்துவிடும், கேப்பே வேண்டியிராது. அதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

திருநெல்வேலி டவுன் வாசகர்: கேப் போட்டால் அல்வா சாப்பிடலாமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அளவெடுத்த பிறகு நிஜக் கேப் வரும்வரை ஒரு வாரம் தற்காலிகக் கேப் ஒன்று இருக்கும். வேண்டும்போது கழற்றுவதற்காகவே அதை லேசான சிமெண்டில் ஒட்டுகிறோம். அல்வாவுக்கு அது தெரியும். நெல்லையப்பர் கோயில் பக்கமிருந்து, கையில் அல்வாப் பொட்டலமும் மறுகையில் தற்காலிகக் கேப்புமாக என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஒரு வாரம் மட்டும் பொறுங்கள். கழன்றுவிட்டால் ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிக்கொண்டு வர வேண்டாம், அதையும் செய்திருக்கிறார்கள்.

சங்கரன்கோவில் வாசகி: பதினைந்து வருஷத்துக்கு முன் போட்ட பீங்கான் கேப். ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிகிறது. கொஞ்ச நாளாக அந்தப் பக்கம் நாற்றமும் அடிக்கிறது. கேப்பை மாற்ற வேண்டுமா?

கோடு வேறு, நாற்றம் வேறு. ஈறு வயதோடு கொஞ்சம் இறங்கியிருக்கும், உள்ளே இருக்கும் உலோகத்தின் விளிம்பு எட்டிப் பார்க்கிறது. அது அழகுக் குறைதான், நோய் இல்லை. அதற்காக மட்டும் கேப்பை மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. பழைய கேப்பைப் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அடிப்பல் கொஞ்சம் போகும்.

நாற்றத்தை விடக் கூடாது. கேப்புக்குச் சொத்தை வராது, கேப் முடிந்து பல் தொடங்கும் ஓரத்தில் வரும். அல்லது ஒட்டிய சிமெண்ட் கரைந்து, கேப் உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருக்கும். பல் இடுக்கில் நூலை விட்டு இழுத்து முகர்ந்து பாருங்கள்; அந்த இடத்தில் மட்டும் நாறினால் இந்த வாரமே போய் எக்ஸ்ரே எடுங்கள். வேர் சிகிச்சை செய்த பல்லாக இருந்தால், வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் அது வலிக்காது. பொசுக்கென்று ஒரு நாள் கையோடு வரும்.

ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர்: மகனுக்கு 17 வயது. சின்ன வயதிலிருந்தே பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் முன் முன்பற்கள் எட்டுக்கும் செராமிக் கேப் போட்டுவிடலாம் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள்.

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எந்தக் கேள்விக்கும் இவ்வளவு சுருக்கமாக நான் பதில் சொன்னதில்லை.

தண்ணீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கூடாது என்பது கணக்கு. எட்டு வயதுக்குள், எலும்புக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது அதிக புளோரைடு உள்ளே போனால் இந்தக் கறை வரும். கறை இருப்பது மேல்தோலில்தான், உள்ளே பல் கல்லு மாதிரி இருக்கும். எட்டு நல்ல பல்லைச் சுற்றிலும் ராவிப் பூண் போடுவது, உளுக்காத உலக்கையைச் செதுக்குகிற வேலை. அதிலும் 17 வயதுப் பல்லில் நரம்பு பெரிதாக, மேலே நெருங்கி இருக்கும். ராவிய சூட்டில் சில பற்களில் நரம்பு செத்து, 25 வயதில் வேர் சிகிச்சைக்கு வந்து நிற்பான். கறையை லேசாகத் தேய்த்தெடுப்பது, வெளுப்பு மருந்து, வெள்ளைக் கறைக்குள் பிசினை ஊறவிடுவது என்று பல்லைக் கெடுக்காத வழிகள் இருக்கின்றன. கடைசியில் தேவைப்பட்டால் முன்பக்கம் மட்டும் மெல்லிய செராமிக் சில்லு ஒட்டலாம். முழுக் கேப் அந்த வரிசையிலேயே வராது. தனியார் கிளினிக்கில் கேட்கத் தயக்கமாக இருந்தால், ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, பையனைக் கூட்டிப்போய் ஒரு தடவை காட்டுங்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து ஓர் ஆச்சி, பேரன் கையெழுத்தில்: வயசு 78. கடைவாய்ப் பல் ஒன்றில் ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறது. வலி இல்லை. நாக்கில் மட்டும் குத்துகிறது. பேரன் ஜிர்கோனியா போடச் சொல்லி நிற்கிறான். வெற்றிலை போடுகிற வாய்க்கு அதெல்லாம் எதற்கு?

ஆச்சி, நீங்கள் கேட்டதுதான் சரி. குத்துகிற முனையை ராவி வழுவழுப்பாக்கி, பள்ளம் இருந்தால் அடைத்துவிட்டால் போதும், கால் மணி நேர வேலை. நாக்கில் குத்திய இடத்தில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்து இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் அதை மட்டும் உடனே காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலையும் சேர்ப்பீர்கள் என்றால் இன்றைக்கே காட்டுங்கள். பேரனிடம் சொல்லுங்கள், வரும்போது கேப்புக்கு என்று காசு எடுத்து வைக்க வேண்டாம். நீங்கள் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்து வரட்டும்.